வெயிட் குறைக்கற புது ஊசி ட்ரயல்ல சேர நினைக்கறீங்களா? தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆளுங்களுக்காக எழுதினது

"வெயிட் குறையற ஊசி பெங்களூர்ல ஃப்ரீயா போடறாங்களாம்ணா, போலாமா"ன்னு இப்ப அடிக்கடி மெசேஜ் வருது. ஓசூர் கம்பெனில ஷிஃப்ட் பாக்கற பசங்க கேக்கறாங்க, காவேரிப்பட்டணத்து டீச்சரக்கா கேக்கறாங்க, பாலக்கோட்டுல தக்காளி மண்டி வச்சிருக்கறவரு அவங்க வீட்டம்மாவுக்காகக் கேக்கறாரு. நான் டாக்டர் இல்ல, பெங்களூர்ல கொஞ்ச வருஷம் சுகர் மருந்து ட்ரயல்ல கோஆர்டினேட்டரா இருந்தவன், ஆனா அந்த ஃபைலு, ஃபார்மு, ராத்திரி பத்து மணிக்கு வர்ற ஃபோனு எல்லாம் என் கை வழியாத்தான் போச்சு, அதனால ஆளாளுக்குத் தனியா டைப் பண்றதுக்கு மொத்தமா இங்க எழுதிடறேன்.

ஃப்ரீங்கறது உண்மைதான். அது ட்ரயல், அதாவது புது மருந்த ஆளுங்களுக்குக் குடுத்து சோதிச்சிப் பாக்கறது, அதுல மருந்துக்கோ அதுக்காக எடுக்கற டெஸ்டுக்கோ உங்ககிட்ட காசு கேக்கக் கூடாது. ஆனா இது இலவச முகாம் கிடையாது, இத மட்டும் மண்டைல ஏத்திக்கிட்டு மேல படிங்க. உங்களுக்குப் போடறது மருந்தா டம்மியான்னு அங்க இருக்கற டாக்டருக்கே தெரியாது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு ஆளப் பிரிக்கும், ஒரு குரூப்புக்கு நெஜ மருந்து, இன்னொரு குரூப்புக்கு அதே பேனா அதே ஊசி அதே கலர் டப்பா, உள்ள மருந்து மட்டும் இருக்காது. எனக்கு நெஜ மருந்தாவே குடுங்க சார்னு கையப் புடிச்சிக் கேட்டவங்கள பாத்திருக்கேன், யார் நெனச்சாலும் முடியாது. அந்த மருந்து வேலை செய்யுமா, யாருக்கு என்ன கெடுதல் பண்ணும்னு தெரியாததாலதான ட்ரயலே நடக்குது. தெரிஞ்சிருந்தா மெடிக்கல் ஷாப்லயே வித்துட்டுப் போயிடுவாங்க.

சரி, எதுக்கு இவ்வளவு பரபரப்புன்னா நம்பர் அப்படி. செமாகுளூட்டைடு மருந்த 2021ல வந்த பெரிய ட்ரயல்ல 1,961 பேருக்கு டெஸ்ட் பண்ணாங்க, 68 வாரத்துல சராசரியா 14.9 சதவீதம் எடை குறைஞ்சுது, டம்மி குரூப்புல 2.4 தான். 2022ல டிர்செபடைடு, அதுல 2,539 பேரு, நம்ம இந்தியாவுலயும் சைட், அதாவது ட்ரயல் நடத்தற ஆஸ்பத்திரி, இருந்துச்சு, 72 வாரத்துல அதிக டோஸ் வாங்கினவங்களுக்கு 20.9 சதவீதம். இது ரெண்டும் இப்ப இந்தியாவுல டாக்டர் சீட்டோட கிடைக்குது, டிர்செபடைடு மவுஞ்சாரோன்ற பேருல 2025 மார்ச்லயும், செமாகுளூட்டைடு வீகோவின்ற பேருல அதே வருஷம் ஜூன்லயும் வந்துடுச்சு. இன்னும் ட்ரயல்லயே இருந்த ஒண்ணுதான் ரெட்டாட்ரூட்டைடு. செமாகுளூட்டைடு ஒரு ஹார்மோன் வேலைய காப்பி அடிக்குது, டிர்செபடைடு ரெண்டு, இது ஜிஎல்பி-1, ஜிஐபி, குளுககான்னு மூணு. 2023ல வந்த ரெண்டாம் கட்ட ட்ரயல்ல 338 பேரு, 48 வாரம், 12 மில்லிகிராம் குரூப்புல 24.2 சதவீதம். நூறு கிலோ ஆளு எழுபத்தாறுக்கு வர்றாரு, ஆபரேஷன் இல்லாம.

இதப் படிச்சதும் எங்க கையெழுத்துப் போடணும்னு தோணும், தெரியும். அதுக்கு முன்னாடி இன்னொரு கதையும் இருக்கு. சிபுட்ரமின்னு ஒரு வெயிட் மாத்திரை, பல வருஷம் கடைல வித்தது, எடையும் குறைஞ்சுது. சுமார் பத்தாயிரம் பேர வச்சி நீண்ட நாள் ட்ரயல் பண்ணப்பதான் இதய நோய் இருக்கறவங்களுக்கு ஹார்ட் அட்டாக்கும் ஸ்ட்ரோக்கும் கூடுதுன்னு தெரிஞ்சுது, 2010ல அமெரிக்கா, ஐரோப்பா மார்க்கெட்ட விட்டே எடுத்தாங்க. அதுக்கு முன்னாடி 1997ல ஃபென்ஃப்ளூரமின், அது இதய வால்வையே கெடுத்துச்சு. ரெட்டாட்ரூட்டைடுலயும் பாருங்க, 2025 டிசம்பர்ல கம்பெனி வெளியிட்ட மூணாம் கட்ட முடிவுல, முட்டித் தேய்மானமும் பருமனும் இருந்த 445 பேருக்கு 68 வாரம் குடுத்ததுல அதிக டோஸ்ல சராசரியா 28.7 சதவீதம் எடை குறைஞ்சுது, முட்டி வலியும் நல்லாவே குறைஞ்சுது, ஆனா கூடவே அந்த டோஸ்ல அஞ்சுல ஒருத்தருக்கு தோல் தொட்டாலே கூசற, எரியற மாதிரி ஒரு உணர்வு வந்துச்சு. பெருசா ஆபத்து இல்லன்னாங்க. ஆனாலும் இதெல்லாம் ஆள் எண்ணிக்கை கூடக் கூடத்தான் தெரிய வரும், கண்டுபுடிக்கற அந்த ஆளுங்கதான் ட்ரயல்ல சேர்றவங்க, அதாவது நீங்க.

உங்கள எடுத்துக்குவாங்களா

எடைய கிலோல போட்டு உயரத்தால ரெண்டு தடவை வகுங்க, உயரம் மீட்டர்ல இருக்கணும். 160 சென்டிமீட்டர் உயரம், 70 கிலோன்னா 70ஐ 1.6ஆல வகுத்து வர்றத மறுபடி 1.6ஆல வகுத்தா 27.3, இதுதான் பிஎம்ஐ. நம்மூரு டாக்டருங்க ஆசிய அளவுப்படி 23 தாண்டினா அதிக எடை, 25 தாண்டினா பருமன்னு சொல்லுவாங்க, ஏன்னா நம்மாளுங்களுக்கு கம்மி எடைலயே வயித்துல கொழுப்பு சேந்து சுகர் வந்துடுது. ஆனா உலகம் முழுக்க ஒரே நேரத்துல நடக்கற கம்பெனி ட்ரயல்ல வேற கணக்கு, பெரும்பாலும் 30க்கு மேல இருக்கணும், இல்லன்னா 27க்கு மேல இருந்து கூடவே பிபி, கொலஸ்ட்ரால், தூக்கத்துல மூச்சு நிக்கறது, இதயக் கோளாறு இதுல ஏதாவது ஒண்ணு இருக்கணும். அப்ப 160 சென்டிமீட்டர் ஆளு 64 கிலோலயே தர்மபுரி ஓபில பருமன்னு எழுதி வாங்கிட்டு வருவாரு, ட்ரயல் சைட்டுல கூட வேற நோய் இல்லன்னா 77 கிலோ இருந்தாத்தான் உள்ள விடுவாங்க. எனக்கு தொப்பை இருக்கு ஆனா எடுக்க மாட்டேங்கறாங்களேன்னு கோவப்படாதீங்க, அது அவங்க வச்ச எல்லை.

இப்ப நடக்கற நெறைய ட்ரயல் வெறும் எடைக்கு மட்டும் இல்ல. எடையோட சேந்து வர்ற சுகர், முட்டித் தேய்மானம், குறட்டையும் மூச்சுத் திணறலும், ஈரல் கொழுப்பு, கிட்னி, இதயம், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி. செமாகுளூட்டைடுக்கு 17,604 பேர வச்சி நடத்தினது இதயத்துக்காகத்தான், சுகர் இல்லாத ஆனா ஏற்கனவே இதய நோய் இருந்தவங்ககிட்ட ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், இதயச் சாவு மூணும் சேத்து 20 சதவீதம் குறைஞ்சுதுன்னு 2023ல முடிவு வந்துச்சு. அதனால உங்களுக்கு என்னென்ன இருக்குன்னு மொதல்ல நீங்க தெரிஞ்சிக்கங்க, எந்த ட்ரயல் உங்களுக்குப் பொருந்தும்னு அத வச்சித்தான் சொல்ல முடியும்.

முட்டி வலி ட்ரயலுக்குப் போறவங்க மட்டும் இத கவனிங்க. நம்ம ரெண்டு மாவட்டமும் ஃப்ளோரைடு தண்ணி மாவட்டம், அதுக்குன்னுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே கொண்டு வந்தாங்க. பென்னாகரம் பக்கமோ பாலக்கோடு பக்கமோ சின்ன வயசுல இருந்து போர் தண்ணி குடிச்சி வளந்தவங்களுக்கு மூட்டு இறுக்கம், முதுகு வளையாம இருக்கறது எல்லாம் எடையால மட்டும் வந்ததுன்னு சொல்ல முடியாது, எலும்புல ஃப்ளோரைடு சேந்ததாலயும் இருக்கலாம். பெங்களூர் டாக்டருக்கு இது தானா தோணாது. எந்த ஊரு, எவ்வளவு வருஷம் போர் தண்ணின்னு நீங்களா வாயத் தொறந்து சொல்லுங்க, இல்லன்னா எடை குறைஞ்சும் வலி போகலயேன்னு வருஷக் கடைசில உக்காந்து பேசணும்.

சேக்க மாட்டாங்கன்ற லிஸ்ட்டும் பெருசு. கணையத்துல வீக்கம் வந்தவங்க, வீட்டுல யாருக்காவது மெடுல்லரி தைராய்டு கேன்சர் இருந்தவங்க, டைப் 1 சுகர், கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க, ஏற்கனவே வயித்த சின்னது பண்ற ஆபரேஷன் பண்ணவங்க, இவங்கள பெரும்பாலும் எடுக்கறதில்ல. சாதாரண தைராய்டு மாத்திரை சாப்பிடறவங்க பயப்பட வேணாம், அது வேற. இன்னொண்ணு, கடைசி மூணு மாசத்துல எடை அஞ்சு கிலோவுக்கு மேல ஏறி எறங்கி இருந்தா பல ட்ரயல்ல ஸ்க்ரீனிங்லயே, அதாவது சேக்கறதுக்கு முன்னாடி பண்ற டெஸ்ட்லயே, வெளிய அனுப்பிடுவாங்க, அதனால சேர்றதுக்கு முன்னாடி பட்டினி கிடக்கறதோ, பிஎம்ஐ ஏத்தறேன்னு பரோட்டா அடிக்கறதோ வேணாம்.

ஸ்க்ரீனிங் போகும்போது சாப்பிடற எல்லா மருந்தையும் அட்டையோட எடுத்துட்டுப் போங்க. மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வீட்டுக்கு வந்து குடுக்கற பிபி, சுகர் மாத்திரை உட்பட. அந்தத் திட்டமே 2021 ஆகஸ்ட் 5ல நம்ம சூளகிரி பக்கம் சாமனப்பள்ளிலதான் ஆரம்பிச்சாங்க, அப்ப இருந்து பதிஞ்ச நோட்டு, சீட்டு இருந்தா அதுவும் நல்ல ஆதாரம். நாட்டு மருந்து, நியூட்ரிஷன் கிளப்புல குடிக்கற ஷேக், மூலிகைப் பொடி எல்லாத்தையும் சொல்லணும். பாதிப் பேரு இதச் சொல்லவே மாட்டாங்க, மருந்து இல்லியேன்னு நெனப்பு. ஈரல் டெஸ்டுல நம்பர் எகிறினா அப்புறம் எதால வந்துச்சுன்னு யாருக்கும் புரியாது.

ட்ரயல் நெஜமாவே இருக்கான்னு பாக்கறது

இது ஃபோன்லயே பத்து நிமிஷ வேலை. இந்தியாவுல நடக்கற எந்த மருந்து ட்ரயலா இருந்தாலும் ஆள் சேக்கறதுக்கு முன்னாடியே சிடிஆர்ஐன்ற அரசாங்கப் பதிவேட்டுல பதிஞ்சிருக்கணும். ஐசிஎம்ஆர்ன்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தறது, 2007ல ஆரம்பிச்சுது, 2009 ஜூன்ல இருந்து கட்டாயம். கூகுள்ல சிடிஆர்ஐ இண்டியான்னு போட்டு உள்ள போயி ட்ரயல் சர்ச்ல ஒபேசிட்டின்னு இங்கிலீஷ்ல அடிங்க. உங்ககிட்ட ஃபோன் நம்பர் குடுத்தவங்ககிட்ட பதிவு நம்பர் என்னன்னு கேளுங்க, சிடிஆர்ஐன்னு ஆரம்பிச்சி வருஷம், மாசம், அப்புறம் ஒரு நம்பர் வரும், அத நேரா தேடலாம். நம்பர் தெரியாது சார், நீங்க வாங்க பாத்துக்கலாம்னு சொன்னாங்கன்னா ஃபோன வச்சிடுங்க.

பக்கம் தொறந்தா நீளமா ஒரு டேபிள் வரும், மெரளாதீங்க, அதுல நாலு இடத்த பாத்தா போதும். சைட்டுங்க லிஸ்ட்டுல நீங்க போகப்போற ஆஸ்பத்திரி பேரு இருக்கா. எத்திக்ஸ் கமிட்டி, அதாவது ட்ரயல்ல சேர்றவங்க பாதுகாப்ப பாக்கற குழு, அந்த வரிசைல அந்த ஆஸ்பத்திரிக்கு நேரா அப்ரூவ்டுன்னு இருக்கா. டிசிஜிஐ, அதாவது மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி, அவரு அனுமதின்ற இடத்துல அனுமதி கிடைச்சதா போட்டிருக்கா. கடைசியா ஆள் சேக்கறது இந்தியாவுல நடந்துட்டு இருக்கா, இல்ல முடிஞ்சிடுச்சா. இந்த நாலும் சரியா இருந்தா, யாரு சேரலாம் யாரு சேரக் கூடாதுன்ற பகுதிய கூகுள் லென்ஸ்ல தமிழாக்கி படிங்க, மொழிபெயர்ப்பு கோணலாத்தான் வரும், ஆனா விஷயம் புரிஞ்சிடும். பொதுமக்கள் கேள்விக்குன்னு ஒரு ஃபோன் நம்பரும் ஈமெயிலும் அதே பக்கத்துல இருக்கும், ஏஜென்ட்டு நம்பர விட அதுக்குப் பண்ணுங்க.

ஏஜென்ட்டுன்னதும் சொல்லிடறேன், டெலிகிராம்லயும் இன்ஸ்டாலயும் ரெட்டாட்ரூட்டைடு பவுடர் குப்பி, நீங்களே தண்ணி கலந்து போட்டுக்கலாம்னு விக்கறாங்களே, ரிசர்ச்சுக்கு மட்டும்னு லேபிள் ஒட்டி, அது ட்ரயல் கிடையாது. ஒழுங்கான ட்ரயல்ல உங்களுக்கு மருந்த விக்கவே மாட்டாங்க. குப்பிக்குள்ள என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு, கிருமி இல்லாம பேக் பண்ணாங்களா, எதுக்கும் யாரும் பொறுப்பு கிடையாது. ஓசூர் ஜிம்முல ஒரு தம்பி இதப் போட்டுட்டு கெத்தா ஸ்டேட்டஸ் வச்சிருந்தான், எனக்கு வயிறே கலக்கிடுச்சி.

கையெழுத்துக்கு முன்னாடி

கன்சென்ட் ஃபார்ம், அதாவது ட்ரயல்ல சேர சம்மதம்னு நீங்க கையெழுத்துப் போடற ஃபார்ம், இருபது பக்கத்துக்கு மேல போகும். எங்க சைட்டுல நடந்த ஒண்ணு சொல்றேன், ஊத்தங்கரை பக்கத்துல இருந்து ஒரு அம்மா, மாடு வச்சிருக்கறவங்க, வந்து உக்காந்ததும் கேட்டது,

"எங்க சார் கையெழுத்துப் போடணும்?"

"இருங்கம்மா, இத மொதல்ல வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. படிச்சிப் பாத்துட்டு அப்புறமா வந்து போடலாம்."

"வீட்டுக்கா? அவரு வெளிய வண்டிய வச்சிட்டு நிக்கறாரு சார், இப்பவே போட்டுட்டுப் போயிடறேனே."

எடுத்துட்டுப் போகச் சொல்லியே அனுப்பினோம். அடுத்த வாரம் வந்தப்ப அவங்க பொண்ணு, நர்சிங் படிக்கற பொண்ணு, பென்சில்ல அங்கங்க கோடு போட்டு ஓரத்துல கேள்வி எழுதி வச்சிருந்துச்சு. அம்மா கேட்ட மொத கேள்வி, காலைல பால் கறக்கற நேரத்துக்கு வாந்தி வருமா, வந்தா யாரு கறக்கறது. டாக்டரு ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு, ஊசிய எந்தக் கிழமை போட்டா அவங்களுக்கு வசதின்னு உக்காந்து பேசினாரு. ஃபார்ம வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது இதுக்குத்தான்.

ஃபார்ம் உங்களுக்குப் புரியற மொழில இருக்கணும், அது உங்க உரிமை. பெங்களூர்ல டக்குன்னு கன்னடமோ இங்கிலீஷோ நீட்டுவாங்க. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டுல தெலுங்கும் கன்னடமும் பேசறவங்க நெறைய பேரு, ஆனா ஸ்கூல்ல படிச்சது தமிழ், எழுத்து தமிழ்தான் வரும்னா தமிழ் ஃபார்ம் வேணும்னு கேளுங்க. இல்லன்னா எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கி தமிழ்ல கொண்டு வரட்டும், நீங்க காத்திருக்கலாம், அவசரம் அவங்களுக்குத்தான். படிக்கத் தெரியாதவங்களுக்கு ட்ரயலோட சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்துல இருக்கணும், முழுசா படிச்சிக் காட்டினப்புறம்தான் கைநாட்டு. புதுசா கண்டுபுடிச்ச மருந்தா இருந்து, சேர்றவங்க எளிய நிலைல இருக்கறவங்கன்னா அத வீடியோவும் எடுக்கணும். கையெழுத்துப் போட்ட ஃபார்ம்ல ஒரு காப்பி உங்க கைக்கு வரணும். வரலன்னா அங்கயே நில்லுங்க.

வீட்டுக்காரருக்காக சம்சாரமோ, சம்சாரத்துக்காக வீட்டுக்காரரோ போட முடியாது. ரெண்டு பேரும் சேந்து முடிவு எடுங்க, கையெழுத்து ஊசி போட்டுக்கறவங்களோடது.

ஃபார்ம்ல நான் மொதல்ல தேடிப் படிக்கறது ரெண்டு இடம். ஒண்ணு, ஏதாவது ஆச்சுன்னா யாரு பாப்பாங்க. 2019ல வந்த புது மருந்து, மருத்துவப் பரிசோதனை விதிப்படி ட்ரயல்ல உடம்புக்கு ஏதாவது ஆனா, அது ட்ரயலால வந்தது இல்லன்னு உறுதி ஆகற வரைக்கும் இலவசமா வைத்தியம் பாக்கணும். ட்ரயலாலதான்னு முடிவானா, அதோட நஷ்டஈடும் உண்டு, உயிர் போனா 8 லட்சம்ன்ற அடிப்படைத் தொகைய வயசு, ஏற்கனவே இருந்த நோயோட தீவிரம் இத வச்சி ஒரு சூத்திரத்துல போட்டு கணக்குப் பண்றாங்க. ஆஸ்பத்திரில சேக்கற அளவுக்கு எது நடந்தாலும் டாக்டர் 24 மணி நேரத்துக்குள்ள கம்பெனிக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் தெரிவிக்கணும். இந்த ரூல் எல்லாம் சும்மா வரல, ஆளுக்குத் தெரியாமலே ட்ரயல்ல சேத்தாங்கன்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் கேஸ் போயி, 2013ல இருந்து இறுக்கினது. டம்மி மருந்துல இருந்தேன், எடை குறையலன்னு மட்டும் சொல்லி நஷ்டஈடு கேக்க முடியாது, அதயும் தெரிஞ்சிக்கங்க.

ரெண்டாவது இடம் எத்திக்ஸ் கமிட்டி ஃபோன் நம்பர். அந்தக் கமிட்டில குறைஞ்சது ஏழு பேரு இருக்கணும், சட்டம் தெரிஞ்சவரு, ஒரு பெண், டாக்டர் இல்லாத சாதாரண ஆளு எல்லாம் உண்டு, தலைவர் அந்த ஆஸ்பத்திரிய சேராதவரா இருக்கணும். டாக்டர் மேலயோ கோஆர்டினேட்டர் மேலயோ கம்ப்ளெயின்ட்டுன்னா அங்க பேசலாம். பாதிப் பேருக்கு இப்படி ஒரு நம்பர் இருக்கறதே தெரியாது, கோஆர்டினேட்டருங்களும் அதச் சொல்றதுல அவ்வளவு ஆர்வம் காட்ட மாட்டாங்க.

பஸ்ஸு, பசி, ஃப்ரிட்ஜு

கிருஷ்ணகிரில இருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர் சொச்சம், தர்மபுரின்னா 130 பக்கம். ட்ரயல் 72 வாரம்னா கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம், ஆரம்பத்துல மாசம் ஒரு தடவை, அப்புறம் இடைவெளி விட்டு. வேலைக்குப் போறவங்க இத முன்னாடியே சூப்பர்வைசர்கிட்ட பேசிடுங்க. போக்குவரத்துச் செலவு குடுப்பாங்க, எவ்வளவுன்னு ஃபார்ம்ல எழுதி இருக்கும், ஆனா அன்னிக்குப் போன கூலி குடுக்கறது எல்லா ட்ரயல்லயும் கிடையாது, கேட்டுக்கங்க. பஸ் டிக்கெட்ட தூக்கிப் போடாதீங்க. தர்மபுரி ஆளுங்க சேலத்துல சைட் இருக்கான்னு மொதல்ல பாருங்க, தூரம் பாதிதான்.

பாதி விசிட்டுல வெறும் வயித்துல ரத்தம் எடுப்பாங்க. அப்ப விடியக்காலை நாலு மணி பஸ்ஸு, அத்திப்பள்ளி டிராஃபிக்ல மாட்டினா ஒன்பது மணிக்குத்தான் ரத்தம். சுகர் மாத்திரை போடறவங்க அன்னிக்குக் காலைல மாத்திரை போடணுமா வேணாமான்னு முந்தின நாளே ஃபோன் பண்ணி கேட்டுடுங்க, வெறும் வயித்துல கிளிமிபிரைடுன்ற சுகர் மாத்திரைய போட்டுட்டு பஸ்ல மயங்கினவங்க உண்டு. டப்பால நாலு இட்லி கட்டிட்டுப் போங்க, ரத்தம் எடுத்ததும் அங்கயே உக்காந்து சாப்பிடுங்க.

பேனா ஊசிய வீட்டுக்குக் குடுத்தனுப்பினா 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும், உறையக் கூடாது. பஸ்ல வரும்போது ஐஸ் பேக் மேல நேரா பேனாவ வைக்காதீங்க, நடுவுல ஒரு துணி சுத்துங்க, நேரா பட்டா உறைஞ்சி வீணாயிடும், உறைஞ்சத உருக்கிப் போடவும் கூடாது. வீட்டுல ஃப்ரீசருக்கு ஒட்டின மேல்தட்டு வேணாம், கதவும் வேணாம், நடுத்தட்டுல ஒரு டப்பாவுக்குள்ள போட்டு, குழந்தைங்க எடுக்காத மாதிரி. கரன்ட் போனா ஃப்ரிட்ஜ தொறக்காம விடுங்க, ரொம்ப நேரம் போச்சுன்னா போடறதுக்கு முன்னாடி சைட்டுக்குக் கூப்பிட்டுக் கேளுங்க. ஃப்ரிட்ஜே இல்லன்னா அத மொத நாளே சொல்லிடுங்க, வெக்கப்பட்டுட்டு பக்கத்து வீட்டுல வைக்க வேணாம்.

ஊசி ஆரம்பிச்சப்புறம்

குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல், இது நாலும் இந்த வகை மருந்துல சகஜம், டோஸ ஏத்தற வாரங்கள்லதான் அதிகம். அதனாலதான் கம்மில ஆரம்பிச்சி நாலு வாரத்துக்கு ஒரு தடவை மெல்ல ஏத்தறாங்க. வயித்துல சாப்பாடு ரொம்ப நேரம் நிக்கும், முன்ன மாதிரி ரெண்டு உருண்டை களிய ஒரே மூச்சுல முழுங்கினா அன்னிக்கு ராத்திரி தெரியும். அரை உருண்டை, கூட கொள்ளுக் குழம்பு, முட்டை, கடலைன்னு புரதம் கட்டாயம், ஏன்னா எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போகாது, தசையும் சேந்து போகும். மாந்தோப்புலயும் கட்டட வேலைலயும் ஏப்ரல் மே வெயில்ல நிக்கறவங்க வாந்தி பேதி ஆரம்பிச்சா அத சாதாரணமா விடாதீங்க, தண்ணிச் சத்து குறைஞ்சி கிட்னி அடி வாங்கும், உப்புச் சக்கரைக் கரைசல் குடிச்சிட்டு சைட்டுக்கு ஃபோன் பண்ணுங்க.

மேல் வயித்துல விடாத வலி, முதுகுப் பக்கம் பாயற மாதிரி, கூட வாந்தின்னா காத்திருக்காதீங்க, கணையமா இருக்கலாம். வலது பக்க விலாவுக்குக் கீழ வலி, கண்ணு மஞ்சள்னா பித்தப்பைக் கல்லா இருக்கலாம், வேகமா எடை குறைஞ்சா அது வரும். ராத்திரில பெங்களூர் போக முடியுமா, முடியாது. தர்மபுரியோ கிருஷ்ணகிரியோ மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போங்க, 108 கூப்பிடுங்க, ட்ரயல்ல குடுத்த கார்டு பர்ஸ்ல எப்பவும் இருக்கணும், அத டூட்டி டாக்டர்கிட்ட காட்டுங்க. அந்தக் கார்டுல இருக்கற நம்பருக்கு அவங்க கூப்பிட்டா, அவசரம்னா நீங்க மருந்து குரூப்பா டம்மி குரூப்பான்னு ரகசியத்த உடைச்சிச் சொல்லவும் வழி இருக்கு. பல்லு புடுங்கறதுல இருந்து ஹெர்னியா வரைக்கும் எதுக்காவது மயக்க மருந்து குடுக்கறாங்கன்னா இந்த ஊசிய போடறேன்னு முன்னாடியே சொல்லணும், வயித்துல சாப்பாடு தங்கி இருக்கும், மயக்கத்துல மூச்சுக்குழல்ல போயிட்டா ஆபத்து.

பொம்பளைங்களுக்கு ஒரு விஷயம், வீட்டுல பேசக் கூச்சப்பட்டாலும் பேசித்தான் ஆகணும். ட்ரயல் முடியற வரைக்கும் கர்ப்பம் ஆகக் கூடாது, ஒவ்வொரு விசிட்டுலயும் டெஸ்ட் பண்ணுவாங்க. பிசிஓடின்ற சினைப்பைக் கோளாறால கொழந்தை வருஷக் கணக்கா தள்ளிப் போனவங்களுக்கு எடை குறைஞ்சதும் மாதவிடாய் ஒழுங்காயி எதிர்பாராம தங்கிடும். டிர்செபடைடு மாதிரி மருந்துல கருத்தடை மாத்திரையோட வேலையும் குறையும், அதனால ஆரம்பிச்ச நாலு வாரமும், டோஸ் ஏத்தற ஒவ்வொரு தடவை நாலு வாரமும் வேற முறையும் சேத்து பயன்படுத்தச் சொல்லுவாங்க. கொழந்தைக்கு முயற்சி பண்றவங்க இப்ப சேராதீங்க, அது முடியட்டும், ட்ரயலுங்க ஓடிப்போகாது.

நடுவுல விடறது, முடிஞ்சப்புறம்

எப்ப வேணா விலகலாம், காரணம் சொல்லணும்னு கூட அவசியம் இல்ல, விலகினதுக்காக அந்த ஆஸ்பத்திரில உங்க மத்த வைத்தியத்த நிறுத்தக் கூடாது. ஆனா ஃபோன ஆஃப் பண்ணிட்டு காணாம போயிடாதீங்க, கடைசியா ஒரு விசிட் போயி ரத்தம் குடுத்துட்டு, மிச்சம் இருக்கற பேனா, காலிப் பேனா எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டு வாங்க. மிச்சத்த அக்கா தங்கச்சிக்குக் குடுக்கறது, நெஜமாவே நடக்குது, தயவு செஞ்சு வேணாம்.

முடிஞ்சப்புறம் என்ன ஆகும்னு யாரும் கேக்கறதே இல்ல, எனக்கு இதுதான் ஆத்தாமை. டிர்செபடைடு ட்ரயல் ஒண்ணுல 36 வாரம் மருந்து போட்டு ஐஞ்சுல ஒரு பங்கு எடை குறைஞ்சவங்கள்ல பாதிப் பேர டம்மிக்கு மாத்தினாங்க, அடுத்த ஒரு வருஷத்துல அவங்களுக்கு 14 சதவீதம் திரும்ப ஏறிடுச்சு. செமாகுளூட்டைடு நிறுத்தினவங்களுக்கும் குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு ஒரு வருஷத்துல வந்துடுச்சு. அப்ப ட்ரயல் முடியற அன்னிக்கு ஃப்ரீ ஊசி நிக்குது, பசி திரும்ப வருது, மாசாமாசம் கடைல வாங்கற காசு நம்ம கைல இருக்கா? விதில ஒரு வழி இருக்கு, வேற மாற்று மருந்து இல்ல, இந்த மருந்தால பலன் இருக்குன்னு டாக்டர் பரிந்துரைச்சி எத்திக்ஸ் கமிட்டியும் ஒத்துக்கிட்டா கம்பெனி தொடர்ந்து இலவசமா குடுக்கணும், ஆனா எடைக்கு வேற மருந்து கடைலயே இருக்கறப்ப அந்த வழி நமக்குத் தொறக்கறது கஷ்டம். சேர்ற அன்னிக்கே டாக்டர்கிட்ட கேளுங்க, முடிஞ்சப்புறம் எனக்கு என்ன திட்டம் வச்சிருக்கீங்கன்னு. பதில் மழுப்பலா வந்தா அத வச்சே நீங்க முடிவெடுக்கலாம்.

நீங்க எந்த குரூப்புல இருந்தீங்க, மருந்து வேலை செஞ்சுதான்னு தெரியறதுக்கு உலகம் முழுக்க ட்ரயல் முடியணும், உங்களோடது முடிஞ்சி மாசக் கணக்காகும். சைட்டுல இருந்து கூப்பிட்டுச் சொல்லுங்கன்னு கேட்டு ஃபைல்ல எழுத வச்சிடுங்க. நடுவுல சிம் மாத்தினா புது நம்பர அவங்களுக்குக் குடுத்துடுங்க, பழைய நம்பருக்கு அடிச்சி அடிச்சி பாத்துட்டு அப்படியே விட்டுடுவாங்க.